உண்ணியில் வைரஸ், வீட்டில் காய்ச்சல்: செங்குன்றம் பக்கத்துத் தொழுவம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையின் வடக்கு ஓரத்தில், செங்குன்றம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது இந்தத் தொழுவம். பத்துப் பன்னிரண்டு கறவைகள், எல்லாமே ஜெர்சி அல்லது ஹோல்ஸ்டீன் கலப்பு. ஐம்பது வயதைத் தாண்டிய உரிமையாளர், அவர் மனைவி, படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த மகன், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து தொழுவத்திலேயே தங்கிப் பால் கறக்கும் ஒருவர். பால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் டீக்கடைகளுக்கும் போகிறது. அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசையை மாற்றவில்லை.

நான் மாட்டு மருத்துவர் அல்ல. இங்கே எடுத்த உண்ணிகளைப் பரிசோதித்த ஆய்வகத்தில் வேலை செய்பவன். தொழுவத்தில் நடந்தவற்றில் பெரும்பகுதி, அங்கே வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவரின் குறிப்புகளிலிருந்து எழுதியது.

கோடையின் கடைசியில் உரிமையாளர் கோலார் பக்கத்துச் சந்தையிலிருந்து இரண்டு கறவைகளை வாங்கி வந்தார். வந்த அன்றே மற்ற மாடுகளோடு கட்டியாயிற்று. தனியாகக் கட்ட இடமும் இல்லை. தொழுவத்தின் பின்சுவர் பூசாத செங்கல், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. இந்தச் சுவர் பின்னால் முக்கியமாகிறது.

மாட்டில் முதலில் தெரிந்தது

ஆகஸ்ட் கடைசியில் புது மாடுகளில் ஒன்று தீனியைத் தொடவில்லை. அசை போடுவதும் நின்றது. மறுநாள் பால் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மருத்துவர் வந்து பார்த்தபோது காய்ச்சல் 106 டிகிரி ஃபாரன்ஹீட். தோள்பட்டைக்கு முன்னால் இருக்கும் நிணநீர்க் கட்டி கைக்கு அடங்காத அளவுக்கு வீங்கியிருந்தது. கண் இமையின் உள்பக்கம் வெளிறத் தொடங்கியிருந்தது. மடிக்கு மேலும் வாலடியிலும் உண்ணிகள் அப்பியிருந்தன.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கலப்பின மாட்டில் முதலில் நினைவுக்கு வருவது தைலீரியா, உண்ணி பரப்பும் ரத்த ஒட்டுண்ணி நோய். மருத்துவர் காதோரத்திலிருந்து ஒரு சொட்டு ரத்தமும் வீங்கிய கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சமும் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்தார். ஜீம்சா சாயம் ஏற்றியதும் சிவப்பணுக்களுக்குள் ஒட்டுண்ணி தெரிந்தது. அன்றே புபார்வகோன் ஊசி போட்டார். கோமியம் காப்பி நிறத்தில் போகிறதா என்றும் கேட்டு வைத்துக்கொண்டார். அப்படிப் போனால் பபீசியா என்ற இன்னொரு ரத்த ஒட்டுண்ணியையும் சந்தேகிக்க வேண்டும், அதற்கு மருந்து வேறு. அப்படிப் போகவில்லை.

மாடு பிழைத்தது, ஆனால் பழைய பாலுக்கு வரவில்லை. அது ஈன்றிருந்த கன்று இறந்துவிட்டது. அதன் ரத்தம் எடுக்கப்படவில்லை, அதனால் காரணம் இன்னதென்று எழுத முடியாது.

இதுவரை வழக்கமான கதைதான். சென்னையைச் சுற்றிக் கலப்பின மாடு வளர்ப்பவர்களில் பலருக்கு இந்தக் காய்ச்சல் பழக்கம். இந்த நிகழ்வை எழுத வைத்தது அப்புறம் நடந்தது.

உண்ணிகளை எடுத்தது

எங்கள் ஆய்வகத்தில் முதுநிலை மாணவர் ஒருவர், சென்னைப் புறநகர் மாடுகளின் உண்ணிகள் என்னென்ன வைரஸ்களைச் சுமக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் சொல்லி அவர் இந்தத் தொழுவத்துக்கும் போனார். கையுறை போட்டு, இடுக்கியால் தலைப்பக்கமாகப் பிடித்து, முறியாமல் எடுத்தார்.

இரண்டு வகை கிடைத்தன. பெரும்பாலானவை ரைப்பிசெஃபாலஸ் மைக்ரோப்ளஸ். வாய்ப்பகுதி குட்டை, கால்கள் வெளிர் நிறம். லார்வாவாக ஏறியதிலிருந்து வயிறு நிறைந்து கீழே விழும்வரை ஒரே மாட்டிலேயே மூன்று வாரம்போல வாழ்ந்து முடிக்கும் உண்ணி இது. இன்னொரு வகை ஹையலோமா. வாய்ப்பகுதி நீளம், காலில் வரி வரியாக வெள்ளை வளையம். உரிமையாளருக்கே வித்தியாசம் தெரிந்திருந்தது. "இந்தக் காலில் கோடு போட்டது சுவத்துலதான் இருக்கும் சார், ராத்திரி எறங்கி வரும்" என்றார். சரியான கவனிப்பு. ஹையலோமா ஒரு கட்டத்தில் மாட்டை விட்டு இறங்கிச் சுவரிடுக்கில் தோலுரித்து மறுபடி ஏறும். ஏறுவது அதே மாடாக இருக்க வேண்டியதில்லை. தைலீரியா அனுலேட்டாவைப் பரப்புவதும் இந்த இனம்தான். தொழுவத்தில் பல மாதமாக டெல்டாமெத்ரின் என்ற உண்ணி மருந்தைத் தெளித்தும் உண்ணி குறையாததற்குப் பாதிக் காரணம் சுவர். மருந்து மாட்டின் மேல் விழுந்தது, உண்ணியில் ஒரு பங்கு செங்கல் இடுக்கில் இருந்தது. மீதிக் காரணம், சிக்கனம் கருதி மருந்தை அளவுக்கு மேல் தண்ணீர் விட்டுக் கலந்தது. அப்படிக் கலந்து அடிப்பதுதான் உண்ணிக்கு மருந்தைப் பழக்கிவிடும் நல்ல வழி.

இன்னொன்றும் மாணவரின் குறிப்பேட்டில் இருந்தது: பால் கறப்பவர் கறக்க உட்காரும் முன் மடியைச் சுற்றி உள்ள உண்ணிகளைக் கையால் பிடுங்கி, நகத்தால் நசுக்கிப் போடுகிறார். அன்று அது ஓரக் குறிப்பாக மட்டும் இருந்தது.

உண்ணிகளை வகை பிரித்து, ஒரு குழாய்க்குச் சில என்று போட்டு, மைனஸ் 80 டிகிரியில் வைத்தார்கள். உண்ணியில் தேடும் வைரஸ்களில் ஏறக்குறைய எல்லாமே ஆர்.என்.ஏ. வைரஸ்கள், அதாவது மரபுப்பொருள் ஆர்.என்.ஏ.வாக இருப்பவை. அறை வெப்பத்தில் ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும். அப்புறம் ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, எந்த வைரஸ் என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல் குழாயில் இருப்பது எல்லாவற்றின் மரபு எழுத்துகளையும் படிக்கும் வரிசைப்படுத்தலுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் காய்ச்சல்

அக்டோபரில் மழை தொடங்கியது. மகனுக்குக் கடுங்காய்ச்சல், உடம்பு வலி, கண்ணுக்குப் பின்னால் வலி. ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். தட்டணுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. உறவினர் ஒருவர் கைப்பேசியில் வந்த செய்தியைக் காட்டி, "மாட்டு உண்ணியால வர்ற காங்கோ காய்ச்சல்லயும் இப்படித்தான் தட்டணு எறங்குமாம்" என்றார். மாடு கர்நாடகாவிலிருந்து வந்தது என்பதால் இன்னொருவர் குரங்குக் காய்ச்சலையும் சேர்த்துவிட்டார். இரண்டு நாளில் பால் வாங்கும் வீடுகளில் சில நின்றுவிட்டன.

இந்தப் பயங்களை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அதே சமயம் இரண்டும் ஒரே எடையுள்ளவையும் அல்ல. குரங்குக் காய்ச்சல் எனப்படும் கியாசனூர் காட்டு நோய் 1957இல் அன்றைய ஷிமோகா மாவட்டக் காட்டில், குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டறியப்பட்டது. அதைப் பரப்பும் முக்கிய உண்ணி ஹீமாஃபைசாலிஸ் ஸ்பைனிஜெரா, மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டு உண்ணி. கோலார் அதே மாநிலத்தில் இருந்தாலும் எதிர்த் திசையில் உள்ள வறண்ட சமவெளி. எடுத்த உண்ணிகளில் ஹீமாஃபைசாலிஸ் ஒன்றுகூட இல்லை. காங்கோ காய்ச்சல் விஷயம் வேறு. கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் இந்தியாவில் முதலில் உறுதியானது 2011 ஜனவரியில், அகமதாபாத் பக்கத்துச் சனந்தில். சுமக்கும் உண்ணி ஹையலோமா. 2013-14இல் நாடு தழுவி நடந்த ஆய்வில் பல மாநிலக் கால்நடைகளின் ரத்தத்தில் அந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் கிடைத்தது. மாட்டுக்கு இது வந்தால் வெளியே எதுவும் தெரியாது. ஒரு வாரம்போல ரத்தத்தில் வைரஸ் இருந்துவிட்டுப் போய்விடும்.

வரிசைப்படுத்தலில் வந்தது

அதே வாரத்தில் மாணவரின் முடிவுகள் கணினியில் வந்து சேர்ந்தன. நேரப் பொருத்தம் மோசம் என்பதைத் தவிர வேறு சொல்வதற்கில்லை.

கலவையாக நிறைய இருந்தது. ஃபெனுய்விரிடே என்ற வைரஸ் குடும்பத்தை ஒத்தவை, சூவிரிடே குடும்பத்தை ஒத்தவை, மரபுப்பொருள் பல துண்டுகளாகப் பிரிந்த, டெங்கு வைரஸ் சேர்ந்த ஃபிளாவி குடும்பத்தைப் போன்ற ஒன்று. இப்படி வருவதில் வியப்பில்லை. உண்ணி நீண்ட காலம் வாழ்கிறது, ஒவ்வொரு பருவத்திலும் ரத்தம் குடிக்கிறது, சில வைரஸ்கள் தாயிடமிருந்து முட்டைக்கே போய்விடுகின்றன. 2015இல் சீனாவில் 70 வகைக் கணுக்காலிகளை இப்படிப் படித்தபோது 112 புது வைரஸ்கள் வந்தன. அடுத்த ஆண்டு, முதுகெலும்பில்லாத 220க்கும் மேற்பட்ட உயிரினங்களில் 1,445 வைரஸ்கள். இவற்றில் மிகப் பெரும்பாலானவை எந்த மனிதனையும் மாட்டையும் நோயில் தள்ளியதாகத் தெரியவில்லை. உண்ணியோடு பிறந்து உண்ணியோடு போகும் வைரஸ்கள் ஏராளம்.

ஆனால் ஹையலோமா குழாய் ஒன்றில் வந்த ஒரு மரபு வரிசை, நைரோ வைரஸ் குடும்பத்தோடு பொருந்தியது. காங்கோ காய்ச்சல் வைரஸும் அந்தக் குடும்பம்தான்.

மாணவர் அச்சுத்தாளைக் கொண்டுவந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே விஷயம் பெரிது என்று தெரிந்தது. முதலில் துண்டின் நீளத்தைப் பார்த்தோம். நைரோ வைரஸின் மரபுப்பொருள் துண்டுகளில் பெரியது ஏறத்தாழ 12,000 எழுத்து. எங்களிடம் இருந்தது அதில் சில நூறு. அதுவும் ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதிக்கான பகுதி. அந்தப் பகுதி குடும்பம் முழுவதிலும் அதிகம் மாறாமல் இருப்பது, எனவே தூரத்து உறவும் பக்கத்து உறவு மாதிரித் தோன்றும். அமினோ அமில அளவில் ஒப்பிட்டால் காங்கோ வைரஸோடு பாதிக்கும் குறைவாகவே ஒத்துப்போனது. உண்ணிகளில் மட்டும் கிடைத்திருக்கும் நைரோ வகைகளோடு அதைவிட நெருக்கம்.

இதோடு விட்டுவிடவில்லை. உண்ணி போடாமல் வெறும் ரசாயனங்களை மட்டும் வைத்து ஓட்டிய கட்டுப்பாட்டுக் குழாயில் அந்த வரிசை இல்லை. ஆக ஆய்வக அழுக்கு அல்ல. பழைய வைரஸ் துண்டு உண்ணியின் சொந்த மரபணுவுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. அப்படி இருந்தால் வழக்கமாக நடுவில் முறிந்து கிடக்கும். இதில் முறிவு தெரியவில்லை, ஆனால் சில நூறு எழுத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. குழாயில் இருந்தவற்றில் சில ரத்தம் குடித்து உப்பியவை. ஆகவே வைரஸ் உண்ணியுடையதா, மாட்டு ரத்தத்தில் வந்ததா என்ற கேள்விக்கும் பதில் இல்லை.

"தீங்கில்லாத வைரஸ்" என்று எழுத மாணவர் விரும்பினார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஜிங்மென் உண்ணி வைரஸ் 2014இல் மாட்டு உண்ணியில் கிடைத்த ஒரு வினோதமாகத்தான் அறிமுகமானது. அதற்கு நெருங்கிய அலோங்ஷான் வைரஸ் சீனாவின் வடகிழக்கில் காய்ச்சல் நோயாளிகளிடம் கிடைத்ததாக 2019இல் வெளியானது. நோய் தருவதாக யாரும் காட்டவில்லை என்பதும் நோய் தராது என்பதும் ஒன்றல்ல.

யாரிடம், எந்த வரிசையில் சொல்வது

இந்த நிகழ்வில் நான் அதிகம் யோசித்த இடம் இதுதான். மூன்று வழிகள் இருந்தன. குறிப்பிட்ட வைரஸைத் தேடும் ஆர்.டி.-பி.சி.ஆர். முடிவு வரும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது. உரிமையாளரிடம் உடனே சொல்வது. மகனுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் முதலில் சொல்வது.

மூன்றாவதைத் தேர்ந்தோம். காரணம் குஜராத் அனுபவம். 2011இல் அங்கே நோயாளியைப் பார்த்துக்கொண்ட மருத்துவரும் செவிலியரும் தொற்றி இறந்தார்கள். எங்கள் வரிசை காங்கோ வைரஸ் அல்ல என்று நாங்கள் நம்பினோம். ஆனால் மகன் அதே தொழுவத்தில் இருந்தவர், அங்கே ஹையலோமா இருக்கிறது, வெவ்வேறு உண்ணியில் வெவ்வேறு வைரஸ் இருக்கலாம். ரத்தம் எடுப்பவர் இரட்டைக் கையுறை போட்டுக்கொள்ள ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். அதைத் தாமதிக்கக் காரணமே இல்லை. கால்நடை மருத்துவர் மூலம் குடும்பத்தின் சம்மதம் வாங்கி அன்று மாலையே பேசினேன்.

மருத்துவமனை மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். டெங்குவுக்கான என்.எஸ்.1 ரத்தச் சோதனை பாசிட்டிவ் என்று அன்று மதியமே வந்துவிட்டது என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விதான் முக்கியமானது: "உண்ணியை யார் கையால எடுக்கறாங்க? இந்தப் பையனா?"

மகன் தொழுவத்துக்குள் அதிகம் போவதே இல்லை. தினமும் நசுக்கியவர் பால் கறப்பவர். ஊரே மகனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. உண்ணி கடித்தால் காங்கோ காய்ச்சல் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் தெரியும். ரத்தம், திசு பட்டு வந்தால் ஐந்தாறு நாள், அதிகம் போனால் 13 நாள். அந்தக் கணக்கில் அவரிடம் விசாரித்தார்கள். காய்ச்சல் இல்லை, ரத்தக்கசிவு இல்லை. இரண்டு வாரம் காலையும் மாலையும் வெப்பநிலை பார்க்கச் சொல்லி ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுத்தார்கள்.

உரிமையாளரிடம் நேரில் போய்ச் சொன்னோம். தாளில் எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்தால் அது எத்தனை கைப்பேசிக்குப் போகும் என்று தெரியாது.

"சார், நேராச் சொல்லுங்க. என் மாட்டுல காங்கோ இருக்கா, இல்லையா?"

"எங்களுக்குக் கெடைச்சது காங்கோ வைரஸ் இல்லண்ணே. அந்தக் குடும்பத்துல தூரத்துல இருக்கற ஒண்ணோட சின்னத் துண்டு உண்ணியில கெடைச்சிருக்கு. மனுஷனுக்கு அது நோய் குடுத்ததா இதுவரைக்கும் யாரும் காட்டல. காங்கோவ மட்டும் தேடுற சோதனைக்கும் அனுப்பியிருக்கோம்."

அவர் மனைவி கேட்டது வேறு: "பாலக் காய்ச்சிக் குடிச்சாப் போதுமா தம்பி?" போதும் என்றோம். கொதிக்க வைத்தால் இந்த வகை வைரஸ்கள் தாங்காது. வாடிக்கையாளர்களிடம் சொல்ல அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான்.

கால்நடைத் துறையிலும் பொதுச் சுகாதாரத் துறையிலும் உரிய அலுவலர்களுக்கு, கிடைத்தது இது, கிடைக்காதது இது என்று பிரித்து எழுதித் தெரிவித்தோம். வைரஸை உயிரோடு வளர்த்துப் பார்க்கலாமா என்று மாணவர் கேட்டார். என்னவென்று தெரியாத நைரோவைச் சாதாரண ஆய்வகத்தில் வளர்க்கும் பேச்சுக்கே இடமில்லை. காங்கோ வைரஸுக்கு நான்காம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும், அது புனேயின் தேசிய வைராலஜி நிறுவனத்தில் இருக்கிறது.

பின்னர் நடந்தது

மகன் டெங்குவிலிருந்து தேறி வீடு வந்தார். மீதம் இருந்த ஆர்.என்.ஏ.விலும், புதிதாக எடுத்த ஹையலோமாக்களிலும் காங்கோ வைரஸுக்கான சோதனை நெகட்டிவ். பால் கறப்பவருக்குக் கடைசிவரை காய்ச்சல் வரவில்லை.

தொழுவத்தில் செய்த வேலை சாதாரணமானது. பின்சுவரின் இடைவெளிகளைச் சிமென்ட் வைத்து அடைத்துப் பூசினார்கள். டெல்டாமெத்ரினை நிறுத்தி அமிட்ராஸுக்கு மாறினார்கள், லேபிளில் உள்ள அளவில். ஐவர்மெக்டின் ஊசி போட்டுவிடலாம் என்று ஒரு மருந்துக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். கறவையில் அது பாலில் வரும் என்று மருத்துவர் மறுத்துவிட்டார். உண்ணியை இடுக்கியால் எடுத்து மண்ணெண்ணெய் டப்பாவில் போடும் பழக்கம் வந்தது. கையுறை மட்டும் நிலைக்கவில்லை. கையுறையோடு கறந்தால் மாடு பால் சுரப்பதில்லை என்கிறார் கறப்பவர். உண்ணி எடுக்கும்போது போட்டுக்கொண்டு கறக்கும்போது கழற்றிவிடலாம் என்று பேசி முடித்தார்கள். அது எந்த அளவுக்கு நடக்கிறதோ!

நின்றுபோன வீடுகளில் பெரும்பாலானவை திரும்பி வந்தன. ஒரு டீக்கடை வரவில்லை.

அடுத்த முறை மாற்றுவது

முடிவு வந்த பிறகு யாரிடம் சொல்வது என்று உட்கார்ந்து யோசித்தோம். அதை உண்ணி எடுக்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். இப்போது மாதிரி எடுக்கும்போதே உரிமையாளரிடம் இரண்டு கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்கிறோம்: மனிதரைப் பாதிக்கக்கூடிய எதையாவது ஒத்தது கிடைத்தால் உங்களுக்குச் சொல்லலாமா, உங்கள் வீட்டில் யாருக்காவது வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் பேசலாமா?

ஆய்வகப் பக்கத்தில் பெரிய மாற்றம் குழாயில்தான். உப்பிய உண்ணியையும் வயிறு காய்ந்த உண்ணியையும் இனி ஒன்றாகப் போடுவதில்லை. சுவரிடுக்கிலிருந்து எடுத்தவை தனி. அதே மாட்டின் ரத்தமும் கூடவே. செலவு கூடும்தான், ஆனால் அது இல்லாமல் வைரஸ் யாருடையது என்ற கேள்வி கடைசிவரை தொங்கும். ஒவ்வோர் உண்ணியையும் நசுக்கும் முன் படம் எடுத்து, இனம் பிறகும் சரிபார்க்க ஒரு காலை எடுத்து வைக்கிறோம்.

மாட்டைப் பற்றிய படிவத்தில் ஆளைப் பற்றிய பகுதி ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். உண்ணியை எடுப்பது யார், எப்படி எடுக்கிறார், கடைசியாகக் காய்ச்சல் வந்தது எப்போது, அவருக்கென்று பார்க்கும் மருத்துவர் உண்டா. மருத்துவமனை மருத்துவர் கேட்ட கேள்வி அப்படியே அதில் முதல் வரி.

வெளியிலிருந்து வாங்கும் மாட்டைச் சில வாரமாவது தனியே கட்டி, உண்ணி நீக்கி, ரத்தம் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும் என்று மருத்துவர் இப்போது எல்லாத் தொழுவத்திலும் சொல்கிறார். இந்த உரிமையாளர் பக்கத்துக் காலி மனையில் தார்ப்பாய் போட்டு ஓர் இடம் செய்திருக்கிறார். ஆய்வேட்டில் இடம் என்ற கட்டத்தில் "சென்னை" என்று மட்டும் எழுதியிருக்கிறோம். அந்த நைரோ துண்டின் மீதி நீளத்தை எடுக்கும் வேலை பாக்கி இருக்கிறது. அது முடிந்தால்தான் அதற்கு ஒரு பெயர் வைப்பதைப் பற்றிப் பேசலாம்.